தப்பு பண்ணலாம்... பொம்மை வயித்துல!

ஒரு அட்டைப்பெட்டியில ரெண்டு ஓட்டை போடுங்க. ஒரு அடி நீளமுள்ள ரெண்டு இடுக்கியை அதுல நுழைச்சு, உள்ளே கிடக்கிற பட்டாணியைப் பொறுக்குங்க. எட்டிப் பார்க்கக் கூடாது. கேமரா காட்டுறதை டி.வி.யில பார்த்துதான் எடுக்கணும். என்ன, தலை சுத்துதா?

லேப்ராஸ்கோப்பி டாக்டர்களுக்கு இதுதான் தினசரி வேலை! வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, அது வழியா கேமராவையும் கருவிகளையும் உள்ளே விடுவாங்க. பெரிய தழும்பு இல்லை, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். நோயாளிக்கு நிம்மதி. கத்துக்கிறவர் பாடுதான் திண்டாட்டம். ஸ்கூல்ல படிச்ச நெம்புகோல் ஞாபகம் இருக்கா? இங்கே துளைதான் ஆதாரப்புள்ளி. கையை இடது பக்கம் கொண்டுபோனா, கருவியின் முனை வலது பக்கம் போகும்!

இதை நிஜ நோயாளி மேலயா பழகுறது?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி டாக்டர்களை ரெண்டு அணியா பிரிச்சாங்க. ஒரு அணிக்கு மட்டும் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் கூடுதல் பயிற்சி. அப்புறம் எல்லாருக்கும் நிஜமான பித்தப்பை ஆபரேஷன். 2002-ல் ரிசல்ட் வெளியானது. சிமுலேட்டர் அணி பித்தப்பையை 29 சதவிகிதம் வேகமா பிரிச்செடுத்தது. பித்தப்பையைக் காயப்படுத்தவோ, வேற திசுவைச் சுட்டுடவோ மற்ற அணிக்கு 5 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது!

ஆனா அந்த சிமுலேட்டரில் எல்லாமே திரைக்குள்ள இருக்கிற பிம்பம்தான். தொட்டா எதுவும் கையில தட்டுப்படாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஆக்மென்டட் ரியாலிட்டி. அயர்லாந்தின் ஹாப்டிகா நிறுவனம் உருவாக்கிய ‘புரோமிஸ்’ நல்ல உதாரணம். பொம்மை உடம்பு, ஆனா நிஜக் கருவி, நிஜ ஊசி-நூல். முடிச்சை இழுத்தா அந்த இறுக்கம் கைக்கே தெரியும். திரையில் நிஜப் படத்தின் மேல கிராஃபிக்ஸ் வந்து உட்காரும். கேமராக்கள் கருவியின் அசைவைப் பின்தொடரும். முடிஞ்சதும் மார்க் ஷீட் ரெடி: எவ்வளவு நேரம், முனை அலைஞ்ச தூரம், அசைவு எவ்வளவு சீரா இருந்துச்சு.

அந்த ‘அலைஞ்ச தூரம்’தான் செம மேட்டர். ரெண்டு பேர் போட்ட தையலும் பார்க்க ஒண்ணா இருக்கலாம். யார் கை தடுமாறுச்சுன்னு அந்த நம்பர் காட்டிக் கொடுத்துடும்.

பொம்மை வயிறு நிஜ வயிறாகாது. பக்கத்துல நின்னு சொல்லித்தர சீனியர் டாக்டரும் வேணும்தான். ஆனா, முதல் தடுமாற்றம் எங்கேயாவது நடந்தே தீரும். அது ரப்பர் மேல நடந்துட்டுப் போகட்டுமே!

கேமரா, கிராஃபிக்ஸ், புரோகிராம்... இதெல்லாம் நம்ம ஏரியாதான் பாஸ். ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடுறீங்களா? பக்கத்து மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு நடை போய்ட்டு வாங்க!