காட்டுப் பள்ளியில் மணி அடிப்பதில்லை

காட்டு முகாமில் பிள்ளைகளோடு தங்கிச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துவது உல்லாசப் பயணம் போன்றது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை வேறு.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பு மாணவர்கள் சில நாள் முதல் ஒரு வாரம் வரை இப்படித் தங்கிப் படிக்கிறார்கள். லாட்டரி வருமானத்தில் இதற்குப் பணம் ஒதுக்க, 2016-இல் மக்களே வாக்களித்தார்கள்.

பகலில் மண், நீர், செடி, விலங்கு பற்றிய பாடம். பாடம் முடிந்தாலும் பயிற்றுநரின் வேலை முடிவதில்லை. மழையில் நனைந்தவனைக் கவனிக்க வேண்டும். இரவில் வீட்டை நினைத்து அழுபவளைத் தேற்ற வேண்டும்.

முகாம்கள் பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடப்பதால், பலருக்கு இது நிரந்தர வேலையல்ல. அனுபவம் கூடும் நேரத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

பிள்ளைகளுக்காகப் பணம் ஒதுக்கினால் மட்டும் போதுமா? கற்பிப்பவர் நிலைத்திருக்கவும் வழி வேண்டாமா?