நொடிக்குப் பதினைந்து சென்டிமீட்டர்

ஸ்கூபா முக்குளிப்பவரின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டர், கடலின் அடியில் இருக்கும்வரை பெரும்பாலும் சத்தமில்லாமல் ஆழத்தையும் நேரத்தையும் காட்டிக்கொண்டிருக்கும். மேலே ஏறத் தொடங்கியதும்தான் அது கண்டிப்பான காவலாளியாக மாறுகிறது. வேகம் கொஞ்சம் கூடினாலும் பீப், பீப் என்று கத்தும். திரையின் ஓரத்தில் சிவப்புக் கோடு எகிறும்.

பல கருவிகளில் அதற்கான எல்லை நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டர். ஒன்பது மீட்டர் என்றால் நொடிக்கு 15 சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பெட்டியில் கிடக்கும் சின்ன ஸ்கேலின் நீளம். ஒரு நொடிக்கு அவ்வளவு உயரம்தான் ஏறலாம். தலைக்கு மேலே வெயிலும் படகின் அடிப்பாகமும் தெரியும்போது இந்த வேகம் ஆமை வேகமாகத்தான் படும். ஆனால் ஆபத்து அதிகம் இருப்பது அங்கேதான்.

கணக்கு எளிது. கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கீழே போகப் போக, பத்து மீட்டருக்கு ஒன்று வீதம் அது கூடுகிறது. 40 மீட்டரில் ஐந்து, 30 மீட்டரில் நான்கு. அந்தப் பத்து மீட்டரை ஏறினால் காற்றின் கன அளவு கால் பங்குதான் கூடும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தாலோ அழுத்தம் இரண்டிலிருந்து ஒன்றாகிறது. அதே காற்று இரண்டு மடங்காகிவிடும். தூரம் ஒன்றுதான், விளைவு ஒன்றல்ல. ஆழத்தில் சற்றே அதிக வேகத்தை அனுமதித்து, மேலே வர வர எல்லையை இறுக்கும்படி சில கருவிகளை வடிவமைத்திருப்பது இதனால்தான்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென இறங்கினார்கள். படகில் இருந்தவர்கள் அவர்களைக் கயிற்றால் இழுத்து ஏற்றினார்கள். அவர்களுடைய நுரையீரல் ஏன் வெடிக்கவில்லை? அவர்கள் மேலே இழுத்த ஒரே மூச்சுதான் காரணம். அது கீழே சுருங்கியது. மேலே வந்ததும் பழைய அளவுக்கே விரிந்தது. ஸ்கூபாவில் கதை வேறு. அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஈடான காற்றையே சிலிண்டர் தருகிறது. நுரையீரல் நிறைய அதை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் ஒன்றிரண்டு மீட்டர்கூட நுரையீரலைக் கிழிக்கப் போதும். காற்று ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். மூச்சை அடக்குகிறோமா இல்லையா என்பது மணிக்கட்டுக் கருவிக்குத் தெரியாது. ஸ்கூபா பயிற்சியின் முதல் விதியே மூச்சை ஒருபோதும் நிறுத்தாதே என்பதுதான்.

இரண்டாவது ஆபத்து மெதுவாக வேலை செய்வது. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் தசையிலும் கரைகிறது. மெல்ல ஏறினால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். அவசரப்பட்டால் உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பிரியும். மூட்டு வலி முதல் கால் மரத்துப்போவது, பக்கவாதம் வரை அதன் விளைவுகள் நீளும். 1870-களில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்காக ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் வேலை செய்த தொழிலாளர்களை வீழ்த்தியது இந்த நோய்தான். பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் அதிலிருந்து தப்பவில்லை.

சரி, வேகத்துக்கான எண் எங்கிருந்து வந்தது? நெடுங்காலம் பரவலாகப் புழங்கிய எல்லை நிமிடத்துக்கு 60 அடி, அதாவது 18 மீட்டர். ஏதோ ஆய்வுக்கூடத்தில் நுணுக்கமாக அளந்து கண்ட எண் அல்ல அது. 1950-களில் அமெரிக்கக் கடற்படையில் தவளை மனிதர்கள் எனப்பட்ட நீச்சல் வீரர்கள் நிமிடத்துக்கு நூறு அடியோ அதற்கு மேலோ ஏற விரும்பினார்கள். கனத்த செம்புத் தலைக்கவசத்தோடு இறங்குபவர்களை அந்த வேகத்தில் இழுத்து ஏற்ற வழியில்லை. அவர்களுக்கு அதுவரை இருந்த எல்லை 25 அடி. இரு தரப்புக்கும் நடுவே ஒத்துக்கொண்ட எண்தான் 60. நொடிக்கு ஓர் அடி என்பதால் கணக்குப் போடவும் வசதி. பிறகு, 1970-களில், எந்த அறிகுறியும் இல்லாத முக்குளிப்பவர்களின் ரத்தத்திலும் குமிழிகள் ஓடுவதை அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுத்தது. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே சில நிமிடங்கள் நின்றால் அந்தக் குமிழிகள் குறைவதும் தெரிந்தது. 1990-களில் கடற்படையே தன் எல்லையை 30 அடியாக, அதாவது சுமார் 9 மீட்டராகக் குறைத்தது. இன்று 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருவது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது.

ஆகவே மணிக்கட்டுக் கருவி தரும் எச்சரிக்கை, அந்த எல்லைக்கு இப்பால் பத்திரம், அப்பால் விபத்து என்று பிரிக்கும் கோடு அல்ல. கருவிக்கு அழுத்தமும் நேரமும் மட்டுமே தெரியும். உங்கள் ரத்தம் தெரியாது. கையைச் சட்டென்று உயர்த்தினாலும் நீங்கள் ஏறுவதாக நினைத்துக் கத்தக்கூடும். இதனாலேயே சிலர் அதைப் பொய்க் கத்தல் என்று ஒதுக்கப் பழகிவிடுகிறார்கள். அது தவறு. மிதவை ஜாக்கெட்டில் இருக்கும் காற்று ஏற ஏற விரியும். விரிந்த காற்று இன்னும் வேகமாக மேலே தூக்கும். அந்த வேகத்தில் இன்னும் விரியும். கட்டுப்பாடு கைநழுவப் பத்து நொடி போதும். கத்தல் கேட்டதும் ஜாக்கெட்டின் காற்றை வெளியேற்றுங்கள். மூச்சைச் சீராக விட்டுக்கொண்டே வேகத்தைத் தணியுங்கள்.

தடுக்க முடியாமல் மேலே வந்துவிட்டால், சரிசெய்கிறேன் என்று திரும்ப இறங்காதீர்கள். உடனிருப்பவரிடம் சொல்லுங்கள், அன்று மறுபடி நீரில் இறங்க வேண்டாம். அடுத்த சில மணி நேரத்தில் தோளிலோ முழங்கையிலோ வலி வந்தால், சிலிண்டர் தூக்கிய வலி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். உடனே ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லிக் கேட்டு, மருத்துவரிடம் போங்கள். கம்ப்யூட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு நேரத்தில் ஏறினீர்கள் என்ற பதிவு அதில் இருக்கும்.