பல்லுக்குள் ஒரு மோல் கணக்கு

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் கிராமங்களில் பழுப்புக் கறை படிந்த பற்களோடு வாழ்பவர்கள் ஏராளம். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. நிரந்தரப் பற்கள் தாடை எலும்புக்குள் உருவாகிற சிறுவயதில் குடித்த போர் தண்ணீரின் ஃபுளூரைடு, எனாமலுக்குள்ளேயே செய்துவைத்த கோளாறு அது.

குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம். வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆய்வகச் சீட்டு இப்படி எடையைச் சொல்கிறது. வேதிவினையோ துகள்களின் எண்ணிக்கைப்படி நடக்கிறது. எடையை எண்ணிக்கையாக்க உதவுவதுதான் மோல். ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள். ஃபுளூரைடில் அவ்வளவும் சேர்ந்து 19 கிராம். ஆக, 1.5 மில்லிகிராமை 19-ஆல் வகுத்தால் 0.079 மில்லிமோல். திரும்ப எடை வேண்டுமானால் 19-ஆல் பெருக்க வேண்டும்.

பல்லின் கனிமம் ஹைட்ராக்ஸிஅபடைட். அதன் ஒரு மோல் 1004 கிராம். அதிலுள்ள இரண்டு மோல் ஹைட்ராக்சில் (34 கிராம்) வெளியேறி, இரண்டு மோல் ஃபுளூரைடு (38 கிராம்) உள்ளே வந்தால் எடை 1008 ஆகும். ஆயிரத்தில் நான்கு கிராம்தான் வித்தியாசம்; ஆனால் அதற்குள் கனிமமே வேறாகிவிடுகிறது!

இந்த ஃபுளூரைடு நம் கிரானைட், நைஸ் பாறைகளிலுள்ள பயோடைட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து கரைந்து வருகிறது. அதைத் தடுக்கக்கூடியது கால்சியம். ஒரு மோல் கால்சியம் (40 கிராம்) இரண்டு மோல் ஃபுளூரைடைப் (38 கிராம்) பிடித்து, கால்சியம் ஃபுளூரைடாகப் படியவைக்கும். எடையை மட்டும் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று போலத் தெரியும். உண்மையில் ஒன்றுக்கு இரண்டு. அதனால்தான், இரண்டின் அளவையும் பெருக்கி எல்லை காணும் கரைதிறன் கணக்கில் ஃபுளூரைடின் அளவை மட்டும் வர்க்கப்படுத்துகிறோம். லிட்டருக்கு 80 மில்லிகிராம் கால்சியம், அதாவது 2 மில்லிமோல் உள்ள நீரில் ஃபுளூரைடு தோராயமாக 2.5 மில்லிகிராம் வரை கரைந்திருக்கலாம். கால்சியம் நான்கில் ஒரு பங்காக, 20 மில்லிகிராமாகக் குறைந்தால் அந்த உச்சவரம்பு இரட்டிப்பாகி 5-ஐத் தொடும். கால்சியம் குறைந்த கிணறுகளே ஆபத்தானவை.

சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யலாமே என்று தோன்றும். கால்சியம் நிறைந்த நீரிலேயே 2.5 தங்கிவிடும்போது, சுண்ணாம்பால் மட்டும் 1.5-க்கு இறக்குவது கடினம். நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் சுண்ணாம்போடு படிகாரமும் சேர்ப்பது இதனால்தான். ஓசூர் உட்பட இந்த இரு மாவட்டங்களுக்கும் அரசு வேறு வழியைத் தேர்ந்தது: ஜப்பான் நிதியுதவியோடு காவிரி நீரையே குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது.