கதவருகில் ஒரு பாய்

ஞாயிறு காலையில் மண்டபத்துக்குச் சென்றதும் நான் முதலிற் கவனிப்பது, மலசலகூடத்தின் திறப்பு கைக்கு வந்துவிட்டதா என்பதையே. பாய் விரிப்பதெல்லாம் அதன் பின்னர்தான். யோகாசன வகுப்பொன்றுக்கு இது விந்தையான தொடக்கமெனத் தோன்றலாம். ஆனால் எம்மிடம் வருவோர், நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து தடவை குடலின் ஆணைக்குப் பணிந்து ஓடியவர்கள். பஸ்ஸில் ஏறுமுன்னரே எந்தச் சந்தியில் இறங்கலாமெனக் கணக்கிட்டுப் பழகியவர்கள். நானும் அவர்களுள் ஒருவன்.

எனக்கு வாய்த்தது பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் அழற்சி நோய். அதன் உறவாகிய குரோனின் நோயோ வாய் முதற் குதம் வரை உணவுப் பாதையின் எப்பகுதியையும் தாக்கவல்லது. 1932இல் நியூயோர்க் வைத்தியர் மூவர் அதனை விவரித்துக் கட்டுரை வெளியிட்டனர். அகரவரிசையில் முந்தியமையாற்போலும், குரோன் என்பாரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இரண்டும் அடங்கும், மீண்டும் மூளும். மருந்தினால் அடக்கி வைக்கலாமேயன்றி வேரோடு களைய முடிவதில்லை.

இதனை நான் ஏட்டிலே கற்றுக்கொள்ளவில்லை. 2013ஆம் ஆண்டு, சில திங்கள் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் செய்ததில் உடல் இலேசாயிற்று. யோகம் நோயை வென்றுவிட்டதென்று மயங்கி, எவரிடமும் சொல்லாமற் குளிசைகளை நிறுத்தினேன். ஐந்தாம் மாதம் இரத்தம் போகத் தொடங்கியது. பதினாறு நாள் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தேன். பிறருக்குப் பயிற்றும் எண்ணம் அக்கட்டிலிலேதான் பிறந்தது.

ஜெர்மனியிலே என்னைப் போன்ற நோயாளர் 77 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. நோய் தணிந்திருந்த காலத்தில், வாரம் ஒரு தடவை 90 நிமிடமாகப் பன்னிரண்டு வாரம் யோகம் பயின்றோரின் வாழ்க்கை, அறிவுரைகளை எழுத்திற் பெற்றோரின் வாழ்க்கையிலும் மேம்பட்டிருந்தது. மருந்துக்குப் பதிலாக யோகம் என்று அவ்வாய்வு எங்கும் கூறவில்லை.

எம் வகுப்பிலே மயூராசனம் இல்லை. வயிற்றைச் சுழற்றும் நௌலியும் இல்லை. முழங்காலின் கீழ்த் தலையணை வைத்து மல்லாந்து படுத்து, மூச்சை மெல்ல நீட்டி விடுவதே பெரும்பகுதி. நோய் மூண்டிருப்பவர் சும்மா படுத்திருக்கலாம். பாதி நேரம் பேச்சிற் போய்விடுகிறது. அதைக் குறைக்க நான் முயல்வதில்லை. இந்நோயைப் பற்றி வாய் திறக்க வேறு இடம் அவர்களுக்கு எங்கேயிருக்கிறது?

அண்மையில் மாணவன் ஒருவன், “சேர், இப்ப நல்ல சுகம். குளிசையை விடப்போறன்” என்றான். அந்தப் பதினாறு நாட்களையும் அவனுக்குச் சொன்னேன். பதில் சொல்லாமற் போய்விட்டான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் எனக்கு நிம்மதியில்லை.

மறு ஞாயிறு தாயாரோடு வந்து படிக்கட்டில் இருந்தான். இரண்டு வருடமாக அவரிடம் நோயை மறைத்திருந்தானாம். “மாஸ்டர், இவன் குளிசை போடுறதை இனி நான் பாக்கிறன். சாப்பிட என்ன குடுக்கிறது?” என்று அந்த அம்மையார் கேட்டார். அதை வைத்தியரிடமே கேட்க வேண்டுமென்று சொல்லிவிட்டு, கதவருகில் இரண்டு பாய்களை விரித்தேன்.