முள்ளந்தண்டில் கொழுப்புக் கட்டி: ஒப்பரேஷன் செய்தால் எது திரும்பும்?

ஆகஸ்ட் மாதம் மடுத் திருவிழா வந்தால் நம் தோட்டங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் மன்னார்ப் பக்கம் போவது வழக்கம். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுப்போய் அந்தப் பக்கம் குடியேறிய சொந்தக்காரர்களையும் அப்படியே பார்த்துவிட்டு வருவோம். அப்படிப் போனபோது முருங்கனில் ஒரு தங்கச்சி தன் இரண்டு வயதுப் பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்புக்குக் கீழே, முள்ளந்தண்டுக்கு நேராக, எலுமிச்சங்காய் அளவில் மெத்தென்று ஒரு கட்டி. அதன்மேல் கொஞ்சம் மயிர்.

"வெறும் கொழுப்புக் கட்டிதானாம் அண்ணே. இங்கேயே வெட்டி எடுத்துட்டா சரியாயிரும் இல்லியா?"

சரியாகாது என்றேன். ஏன் என்பதை நம் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும்.

கையிலோ தோளிலோ வரும் கொழுப்புக் கட்டி தோலுக்கு அடியில் சும்மா கிடப்பது. முள்ளந்தண்டுக்கு நேராகப் பிறக்கும்போதே இருக்கும் கட்டி அப்படியல்ல. எலும்புச் சந்து வழியாக அது உள்ளே போய், கால்களுக்கும் சிறுநீர்ப் பைக்கும் கட்டளை கொண்டுபோகும் நரம்பு வடத்தோடு ஒட்டியிருக்கலாம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் முண்ணாண் என்று இருக்கிறதே, அதுதான் அந்த வடம். வெளியே தெரியும் கட்டியை மட்டும் வெட்டினால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்; கவனமில்லாமல் வெட்டினால் நரம்பும் போகும். சூடு போடுவது, நூல் கட்டுவது எதுவுமே வேண்டாம்.

இது புற்றுநோய் அல்ல. கரு உண்டாகி மூன்று நான்கு வாரத்தில், தாய்க்கே தான் கர்ப்பம் என்று தெரியாத நாளில், நரம்பு வடம் குழாயாக மூடிக்கொள்கிறது. மூடி முடியுமுன் மேல்தோல் பிரிந்துவிட்டால், கொழுப்பாக மாறும் அணுக்கள் உள்ளே புகுந்துவிடும். கிரகணத்தில் வெளியே போனது, சுமை தூக்கியது என்று அந்தத் தாயை மாமியார் வீட்டில் ஏசியிருந்தார்கள். பாவம், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

கெடுதல் எப்படி வருகிறது? பேசாலைக் கரையில் நங்கூரம் போட்ட வள்ளத்தைப் பாருங்கள். கயிறு கட்டையாக இருந்தால், தண்ணீர் ஏற ஏறக் கயிறு விறைக்கும். பிள்ளை வளர வளர, கொழுப்பில் மாட்டிக்கொண்ட நரம்பு வடமும் அப்படித்தான் இழுபடும். ஒரு கால் மெலிவது, பாதம் வளைவது, அடிக்கடி சிறுநீர்க் காய்ச்சல், பழக்கிய பிள்ளை திரும்பவும் நனைப்பது, உள்ளங்காலில் வலிக்காத புண் எல்லாம் அதன் அடையாளங்கள்.

இதிலும் அபூர்வமான ஒரு வகை உண்டு. எலும்பில் குறையே இல்லாமல், கழுத்திலோ மேல்முதுகிலோ நரம்பு வடத்துக்குள்ளேயே கொழுப்பு சேர்வது. முண்ணாண் கட்டிகள் 100இல் ஒன்றுகூட இப்படி இருப்பதில்லை. லண்டன் டொக்டர் கவர்ஸ் 1876இலேயே முண்ணாணில் வந்த கொழுப்புக் கட்டி ஒன்றை எழுதி வைத்தார். இந்த வகை வாலிப வயதிலும் வெளிப்படும். உடம்பு பருத்தால் கட்டியும் பருக்கலாம். அதனால்தான் எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

ஒப்பரேஷனில் முழுவதையும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வலையில் பாசி சிக்கினால் மீனவர் பிடுங்குவாரா? பிடுங்கினால் நூல் அறுந்துவிடும். நரம்பு வடத்துக்குள் இருக்கும் வகையில் அதே கதைதான். நெருக்கம் தீரும் அளவுக்கு எடுத்துவிட்டு, மிச்சத்தை விட்டு, மேலுறையை அகலமாக்கித் தைப்பார்கள். கீழ்முதுகு வகையில் நிபுணர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. டாக்லிங் பாங் என்ற நிபுணர் குழு 2010இல் காட்டிய கணக்கில், கிட்டத்தட்ட முழுவதும் எடுத்த நோயாளிகளில் 100க்கு 80க்கு மேற்பட்டவர்கள் 16 வருஷம் வரை மோசமாகவில்லை. பாதி எடுத்தவர்களில் பத்து வருஷத்தில் 35 பேர் அளவே அப்படி. ஆனால் அடையாளம் எதுவும் இல்லாத பிள்ளைகளைப் பார்த்த பாரிஸ் டொக்டர்கள் 2004இல், ஒப்பரேஷன் செய்யாமல் கவனித்து வந்தவர்களில் 9 வருஷத்தில் மோசமாகும் வாய்ப்பு 33 வீதம், செய்தவர்களில் 46 வீதம் என்று எழுதினார்கள். ஆக, நன்றாக ஓடி விளையாடும் பிள்ளைக்கு டொக்டர் "பொறுங்க, பார்ப்போம்" என்றால் அது அலட்சியம் அல்ல. கிளினிக்கைத் தவறவிடாமல் இருப்பதுதான் முக்கியம். அடையாளம் தொடங்கிவிட்ட பிள்ளைக்கோ காத்திருக்க நேரமில்லை.

ஏனென்றால் ஒப்பரேஷன் பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றும். போனதைக் கொண்டுவருவது குறைவு. வலி அநேகமாகக் குறையும். கால் பலம் ஓரளவு திரும்பும். சிறுநீர்க் கட்டுப்பாடு போய்ப் பல காலமானால் அது திரும்புவது அரிது. அப்போதும் வழி இருக்கிறது: 1972இல் அமெரிக்க டொக்டர் லாபிடஸ் அறிமுகப்படுத்தியபடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான மெல்லிய குழாயால் சிறுநீரை எடுத்துவிடுவது. தாயே பழகலாம், பிறகு பிள்ளையே செய்துகொள்ளும். சிறுநீரகம் தப்பும். றப்பர்த் தோட்டத்தார் ஒன்று கவனிக்க வேண்டும். பல ஒப்பரேஷன் கண்ட இத்தகைய பிள்ளைகளுக்கு றப்பர் பாலில் செய்த கையுறை, பலூன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்தால் எலும்பு இறுகுமுன் சாதாரண ஸ்கேனே பல சமயம் காட்டிக்கொடுக்கும், பிறகு எம்.ஆர்.ஐ. வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முதுகைப் பாருங்கள். கட்டி, மயிர்க் கற்றை, சிவப்புத் தழும்பு, பிட்டப் பிளவுக்கு மேலே குழி இருந்தால் மருத்துவமாதிடம் காட்டித் துண்டு வாங்குங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்.

முருங்கன் தங்கச்சி மன்னார் ஆஸ்பத்திரியில் துண்டு வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்தார். பிள்ளையின் கால்கள் நன்றாக இருக்கின்றன. சிறுநீர்ப் பையில் கோளாறு தொடங்கியிருக்கிறது என்றார்களாம். ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் தங்குவதற்கு வத்தளையில் ஒரு சொந்தக்காரர் வீடு பார்த்தாகிவிட்டது.