பழைய இரும்பு – 9: மூளை இனாம், ஸ்க்ரூவுக்குத்தான் விலை

சென்ற வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். டெட்ராய்ட்டுக்கு வெளியே ப்ரோட்டோடைப் பட்டறை போடக் கிளம்பிய நம் தம்பி, யாரோ சிஎன்சி (கம்ப்யூட்டர் கன்ட்ரோல்) மாட்டிய ஒரு பழைய பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெஷினை விலை பேசப் போகிறான். த்ரீ பேஸ் கரண்ட் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன், குறுக்கே ஒரு கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

விற்பவர் முதலில் காட்டியதே அதைத்தான். மெஷின் மேல் போர்த்தியிருந்த தார்பாயை எடுக்கும் முன்பே திரையை எரியவிட்டார். லினக்ஸ்சிஎன்சி. “கன்ட்ரோல் மட்டுமே கேட்கிற விலை பெறும்” என்றார். தம்பி என்னைப் பார்த்தான். அந்த சாஃப்ட்வேருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஏன் கொடுப்பதில்லை என்பதைத்தான் இந்த வாரம் முழுக்கத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

அதை எழுதத் தொடங்கியது அமெரிக்க அரசாங்கம். வணிகத் துறையின் கீழ் நிஸ்ட் என்று ஒரு ஆய்வகம் இருக்கிறது. அளவு, தரம், நியமம் எல்லாம் பார்க்கிற இடம். மெஷின்களை ஓட்டும் கன்ட்ரோலுக்கு ஒரு பொது நியமம் வகுக்க முடியுமா என்று 1990களில் அங்கே ஆராய்ந்தார்கள். நியமம் வகுத்தால் சோதிக்க வேண்டும், சோதிக்க ஒரு கன்ட்ரோல் வேண்டும், அதனால் தாங்களே எழுதினார்கள். ஆரம்பத்தில் துணை நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? ஜெனரல் மோட்டார்ஸ். தம்பியின் பட்டறைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்! ஒரு பெரிய மில்லிங் மெஷினில் அதை மாட்டி ஓட்டியும் பார்த்தாயிற்று.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். அமெரிக்கச் சட்டப்படி, மத்திய அரசு ஊழியர் வேலை நிமித்தமாக எழுதும் எதற்கும் அந்த நாட்டில் பதிப்புரிமை கிடையாது. எழுதியது பொதுச் சொத்து. ஆராய்ச்சி அறிக்கையை இணையத்தில் போட்டார்கள். பழைய மெஷின்களுக்குப் புது கன்ட்ரோல் மாட்டிப் பிழைத்துவந்த ஒருவர் கண்ணில் அது பட்டது. ‘விலை குறைந்த ஹார்டுவேரில் இதை ஓட்ட முடியுமா?’ என்று கேட்டுப் போனார். நிஸ்ட்டுக்கும் அதே ஆசை இருந்தது. அதுவரை ஓடிய விண்டோஸ் என்டி போய் லினக்ஸ் வந்தது. பிறகு ஊர் கூடித் தேர் இழுத்தது. முதலில் இஎம்சி என்றுதான் பெயர். அதே பெயருள்ள ஒரு பெரிய கம்பெனியின் வக்கீல் தரப்பு 2011இல் ஆட்சேபித்த பிறகு லினக்ஸ்சிஎன்சி ஆயிற்று.

இன்னொரு கிளைக்கதை. பிரிட்ஜ்போர்ட் கம்பெனியே 1970களில் சிஎன்சி மில் விற்றது. ‘பாஸ்’ என்ற அந்த கன்ட்ரோலின் அலமாரிக்குள் இருந்தது எல்எஸ்ஐ-11, அதாவது பிடிபி-11 கம்ப்யூட்டரின் சின்ன உருவம். யூனிக்ஸ் வளர்ந்ததே பிடிபி-11 மடியில்தான். அந்த போர்டுகள் ஒவ்வொன்றாகச் சாக, உதிரி கிடைக்காமல் அலமாரியை வழித்துப் போட்டுவிட்டு, யூனிக்ஸின் சாயலில் பிறந்த லினக்ஸை அதே இரும்பில் மாட்டியவர்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. மூளை மாறிக்கொண்டே இருக்கிறது. 1938இல் முதல் மெஷின் செய்த இரண்டு ஸ்வீடன்காரர்களின் வடிவம் மட்டும் பெரிதாக மாறவில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். மூளை இனாம் என்றால் காசு எதற்கு? இரும்புக்கும் ஸ்க்ரூவுக்கும். இந்தத் தொடரை ஒழுங்காகப் படிப்பவர்களுக்கு என் பேக்லாஷ் பைத்தியம் தெரியும் (பேக்லாஷ் என்பது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி). டயல் கேஜ் இல்லாமல் நான் எந்த மெஷின் பக்கமும் போவதில்லை.

காந்த அடியை மெஷினில் நிறுத்தி, கேஜின் முனையை டேபிள் ஓரத்தில் தொட வைத்தோம். ஒரு பக்கம் நகர்த்தி முள்ளை பூஜ்யத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் ஒவ்வொரு தவ்வாக நகரச் சொன்னான் தம்பி. (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ், சுமார் 25 மைக்ரான்.) திரையில் எண் மாற மாற முள்ளும் கூடவே வந்தது. விற்பவருக்கு வாயெல்லாம் பல்.

“நல்லாத்தானே இருக்குண்ணா?”

“ரொம்ப நல்லா இருக்கு. அதான் உதைக்குது.”

லினக்ஸ்சிஎன்சியின் அமைப்பெல்லாம் டெக்ஸ்ட் ஃபைல்களில் இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு தம்பி திறந்தான். எக்ஸ் அச்சுக்கான பகுதியில் பேக்லாஷ் என்று ஒரு வரி, எதிரே 0.014. அதை பூஜ்யமாக்கி மறுபடி ஓட்டினோம். இப்போது திரும்பி வரச் சொன்னால் மோட்டார் முனகுகிறது, திரையில் எண் ஓடுகிறது, முள் மட்டும் அசையவே இல்லை. பதினான்கு தவ் தாண்டிய பிறகு திடுக்கென்று கிளம்பியது. டேபிளைக் கோடிக்குத் தள்ளிப் பார்த்தால் ஐந்து தவ்தான். வேலையெல்லாம் நடுவிலேயே நடப்பதால் ஸ்க்ரூவும் நடுவில்தான் தேயும். குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். இடைவெளி ஏறக்குறைய இல்லாத பால் ஸ்க்ரூ இல்லை. கையால் சுற்றும் காலத்து அதே லீட் ஸ்க்ரூவில் மோட்டாரைக் கட்டியிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர்தான் ஈடுகட்டுகிறதே, அப்புறம் என்ன என்று விற்பவர் கேட்டார். நியாயமான கேள்விதான். திசை மாறும்போது ஸ்க்ரூவைக் கூடுதலாகச் சுற்றி இடைவெளியைத் தாண்ட கம்ப்யூட்டரால் முடியும். இடைவெளியை அடைக்க முடியாது. கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுக்கிற மாதிரி வெட்டும்போது, அந்தப் பதினான்கு தவ்வும் திறந்த கதவு. டேபிள் எகிறும், எண்ட் மில் முறியும். கையால் ஓட்டுகிறவர் எதிர்த்திசையிலேயே வெட்டி, ஹேண்டிலை எப்போதும் ஒரே பக்கமிருந்து கொண்டுவந்து சமாளித்துவிடுவார். சிஎன்சி அப்படியில்லை. ஒரு வட்டம் வெட்டினால் நான்கு இடத்தில் ஏதாவது ஒரு அச்சு திசை மாறியே தீரும். அந்த நான்கு இடத்திலும் விரலால் தடவினாலே தட்டுப்படும் படி ஒன்று நிற்கும். பேரிங் உட்காரவேண்டிய துளையில் அதை வைத்துக்கொண்டு எந்த வாடிக்கையாளரிடம் போய் நிற்பது?

மற்றதெல்லாம் பரவாயில்லை. வழித்தடத்தில் பிறை பிறையாகப் போட்ட ஸ்க்ராப்பிங் தடம் இன்னும் தெரிகிறது (புதிதாகச் சுரண்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு, இது பழைய தடம்தான்). ஆயில் பம்ப்பை இழுத்தால் எல்லா முனையிலும் எண்ணெய் கசிகிறது. ஸ்பிண்டில் சத்தமில்லை. இசட் அச்சு குவில்லில்தான் (ஸ்பிண்டிலோடு ஏறி இறங்கும் குழல்), ஐந்து அங்குலம். டேபிளை ஏற்றி இறக்குவது கைதான். ட்ரில் சக்கை மாட்டியதும் அந்த ஐந்து அங்குலம் போதாது. ஆர்8 கோலெட்டில் டூல் மாற்றும்போதெல்லாம் உயரமும் மாறும். முக்கால் அங்குலத் தண்டும் தோள்பட்டையும் வைத்த ஹோல்டர்கள் விற்கிறார்கள், உயரம் மாறாமல் போய் உட்காரும். தம்பி முதலில் வாங்கவேண்டியது அவற்றைத்தான்.

இரண்டு அச்சுக்கும் பால் ஸ்க்ரூ மாற்றினால் ஆயிரம் டாலரைத் தொடும், வேலை தனி. தம்பி அதை அப்படியே விலையில் கழித்துச் சொன்னான். விற்பவர் மறுபடி கம்ப்யூட்டரைக் காட்டினார். “அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இரும்பு போதும்” என்றான் பையன். கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில் கம்ப்யூட்டரோடு சேர்த்தே முடிந்தது.

லாரிக்குச் சொல்லிவிட்டு வந்தபோதுதான் மோட்டார் பிளேட்டைத் துடைத்துப் பார்த்தோம். த்ரீ பேஸ். தம்பி வாடகைக்கு எடுத்த இடத்தில் இருப்பது சிங்கிள் பேஸ் 240 வோல்ட். விஎஃப்டி போடுவதா, ரோட்டரி கன்வர்ட்டரா என்று இருவருக்கும் வழி நெடுக வாக்குவாதம். அது அடுத்த வாரம், நிச்சயமாக.

(தொடரும்)