70,000 பிராங் தரும் கிராமம்

வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தப் படம் கைபேசிக்கு வந்துவிடும். பனி மூடிய மலை, கறுத்துப்போன மரவீடுகள், கீழே கொட்டை எழுத்தில்: "இந்தச் சுவிஸ் கிராமத்தில் குடியேறினால் 70,000 பிராங் இலவசம்!" யாழ்ப்பாணத்திலிருந்து மச்சான் அனுப்புவார், லண்டனிலிருந்து சித்தப்பா அனுப்புவார். "உங்களுக்குப் பக்கத்திலதானே, ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ." விசாரித்துச் சொன்னாலும் அடுத்த வருடம் அதே படம் திரும்பி வரும். அதனால் இந்த முறை எழுதியே வைக்கிறேன்.

கிராமத்தின் பெயர் அல்பினன். வாலிஸ் மாநிலத்தில், லொய்க்கர்பாட் வெந்நீர்க் குளியலுக்குக் குடும்பத்தோடு போகிற நம்மவர்கள் திரும்பியும் பாராத மலைச்சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இளங்குடும்பங்கள் வெளியேற, சனத்தொகை 240 அளவுக்கு இறங்கியது. 2017 நவம்பர் இறுதியில் ஊர்க்கூட்டம் கூடி வாக்களித்தது: குடியேறும் வளர்ந்தவருக்கு 25,000 பிராங், பிள்ளைக்கு 10,000. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் 70,000. இதுவரை படம் சொல்வது சரி.

படம் சொல்லாதது இது. விண்ணப்பிப்பவர் 45 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். சுவிஸ் குடியுரிமையோ, நிரந்தர வதிவிட அனுமதியான சி விசாவோ கையில் இருக்க வேண்டும். அங்கே வீடு வாங்கவோ கட்டவோ திருத்தவோ குறைந்தது 200,000 பிராங் போட வேண்டும். அதுவே நிரந்தர வீடாக இருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்துபோகும் வீடு கணக்கில் வராது. பத்து வருடத்துக்குள் ஊரைவிட்டுப் போனால் வாங்கிய காசைத் திருப்பிக் கட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாரையும் அவர்கள் கூப்பிடவில்லை. உலகம் முழுவதும் இருந்து விண்ணப்பங்கள் குவிந்து, அந்தச் சிறிய அலுவலகம் மறுப்பு எழுதியே களைத்துப்போனதுதான் மிச்சம்.

ஆனால் என் கவலை அல்பினன் அல்ல. படத்தைப் பார்த்து ஆசை பிடித்தவர் அடுத்ததாகச் செய்வதுதான் கவலை. இணையத்தில் மலிவான மலைவீடு ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். சீட்டுக்காசை எடுக்கிறார். லண்டன் சித்தப்பாவும் "நானும் பாதி போடுறன்" என்கிறார். முகவர் நீட்டிய ஒதுக்கீட்டுத் தாளில் கையெழுத்து வைத்து, 20,000 பிராங்கை அனுப்பிவிட்டுத்தான் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்.

யார் வாங்கலாம் என்பதிலிருந்து தொடங்குவோம். சுவிஸ் கடவுச்சீட்டும் சி விசாவும் உள்ளவருக்குத் தடையில்லை. வதிவிட அனுமதியான பி விசா உள்ள இலங்கையர் தான் உண்மையில் வசிக்கும் முதன்மை வீட்டை வாங்கலாம். விடுமுறை வீடு வேண்டும் என்றால் அனுமதி வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் வெளிநாட்டவர், பிரெக்சிற்றுக்குப் பிறகு பிரித்தானியர் உட்பட, மாநிலம் சுற்றுலா இடமாக அறிவித்த ஊர்களில்தான், அதுவும் அனுமதியோடுதான், விடுமுறை வீடு வாங்கலாம். முழு நாட்டுக்கும் வருடத்துக்கு 1,500 அனுமதிகள்தான். லெக்ஸ் கோலர் என்று இங்கே சொல்லப்படும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் இது. சித்தப்பாவின் காசுக்கு உங்கள் பெயரைப் போட்டால் அது பினாமி. கொடுக்கல் வாங்கலே செல்லாமல் போகும், சிறைத்தண்டனைக்கும் இடமிருக்கிறது. "எங்கட ஆக்கள்தானே" என்பது நீதிமன்றத்தில் ஒரு வாதம் அல்ல. சந்தேகம் இருந்தால் மாநிலத்தின் அனுமதி அதிகாரியிடம், "இந்தக் கொள்வனவுக்கு அனுமதி தேவையில்லை" என்ற தீர்மானத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

அடுத்தது அந்த ஒதுக்கீட்டுத் தாள். சுவிஸில் காணி விற்பனை ஒப்பந்தம் நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் செல்லும். பின்னர் வாங்குவேன் என்று முன்கூட்டிக் கொடுக்கும் வாக்குறுதிக்கும் அதே விதிதான். ஆகவே சமையலறை மேசையில் வைத்த கையெழுத்து உங்களை வாங்கக் கட்டாயப்படுத்தாது. காசு திரும்பாது என்று முகவர் மிரட்டினாலும், உண்மையில் ஏற்பட்ட செலவு போக மிகுதியைப் பொதுவாகக் கேட்டுப் பெறலாம். பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள், தவணை குறியுங்கள். மறுத்தால் மாநில சமரச அலுவலகம் இருக்கிறது. ஆனால் இன்னொரு தடவை சொல்கிறேன்: அனுப்பிய காசைத் திருப்பி எடுப்பதைவிட அனுப்பாமல் இருப்பது சுலபம்.

இப்போது பத்திரங்கள். முதலாவது, குறுண்ட்பூக் ஆம்ட் எனப்படும் காணிப் பதிவகத்தின் சாற்றுப் பிரதி. உரிமையாளர் யார், எப்போது வாங்கினார் என்ற விபரத்தை யாரும் கேட்டுப் பெறலாம். அடமானங்களைப் பார்க்கக் காரணம் காட்ட வேண்டும். அதனால் முழுப் பிரதியை விற்பவரிடமே கேளுங்கள். தர மறுப்பவரிடம் வீடு வாங்க வேண்டாம். பிரதி கைக்கு வந்ததும் நம்மவர்கள் பெயரையும் அடமானத்தையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்துவிடுகிறார்கள். 'அன்மெர்குங்கன்' என்ற குறிப்புப் பகுதியைப் படியுங்கள். 2012 மார்ச் 11இல் மக்கள் வாக்களித்ததிலிருந்து, இரண்டாம் வீடுகள் நூற்றுக்கு 20ஐத் தாண்டிய ஊர்களில் புதிய விடுமுறை வீடுகளுக்கு இடமில்லை. அதற்குப் பிறகு கட்டிய வீட்டில் "முதன்மை வீடாக மட்டும் பாவிக்கலாம்" என்ற நிபந்தனை அந்தப் பகுதியில்தான் இருக்கும். அதைத் தவறவிட்டு, சனி ஞாயிறு போய்வர வீடு வாங்கியவருக்குக் கெமைண்டே எனப்படும் ஊராட்சி கடிதம் எழுதும். வழிப்பாதை, தண்ணீர் உரிமை போன்றவை 'டீன்ஸ்ட்பார்கைற்றன்' என்ற தலைப்பின் கீழ் வரும். அயலவரின் டிராக்டர் உங்கள் முற்றத்தால் போகுமா என்பது அங்கேதான் தெரியும்.

பிரதியில் தெரியாத கடனும் உண்டு. பல மாநிலங்களில் விற்பவர் கட்ட வேண்டிய காணி இலாப வரிக்கு அந்த வீடே பிணை. அவர் கட்டாமல் போனால் வரித்திணைக்களம் உங்கள் கதவைத் தட்டும். மதிப்பிட்ட தொகையை விலையிலிருந்து கழித்து நேராக வரி அலுவலகத்துக்குச் செலுத்தும்படி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அண்மையில் திருத்திய வீடு என்றால், காசு கிடைக்காத தச்சனும் குழாய்க்காரனும் வேலை முடிந்து நான்கு மாதத்துக்குள் அந்த வீட்டின் மேல் பிணை பதியலாம். கட்டிய பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். நொத்தாரிசு இதையெல்லாம் உங்களுக்காகப் பார்ப்பார் என்று நம்பாதீர்கள். அவர் இரு தரப்புக்கும் பொதுவானவர், உங்கள் வக்கீல் அல்ல.

மலிவாக வரும் பழைய கல்வீடுகள், ஆட்டுக் கொட்டில்கள் பல கட்டட வலயத்துக்கு வெளியே நிற்பவை. விவசாயக் காணியைத் தானே பயிரிடுபவர்தான் பொதுவாக வாங்கலாம். யன்னல் பெரிதாக்கவும் அனுமதி வேண்டும். கெமைண்டேயின் கட்டடப் பகுதியில் வலயத் திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். சிறிய ஊர்களில் அந்தக் கதவு கிழமைக்கு ஓரிரு அரைநாள்தான் திறக்கும், பதில் அலுவலக ஜேர்மனில்தான் வரும். எரிச்சல்தான். இங்கே படித்து வளர்ந்த உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், முகவரை அல்ல.

எல்லாவற்றிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது அபாய வரைபடம். 2025 மே 28இல் வாலிஸின் பிளாற்றன் கிராமத்தைப் பனியாறும் பாறையும் சேர்ந்து மூடின. ஒன்பது நாளுக்கு முன்பே ஏறத்தாழ 300 பேரை வெளியேற்றியிருந்தபடியால்தான் உயிர்கள் தப்பின; ஒருவர் மட்டும் அகப்பட்டார். கிறவ்புண்டன் மாநிலத்தில் பிறியன்ஸ் கிராமம் 2023இலும் 2024இலும் காலியாக்கப்பட்டது. மாநிலத்தின் இணைய வரைபடத்தில் காணி இலக்கத்தைப் போட்டால் நிறம் தெரியும்: சிவப்பு என்றால் புதிதாகக் கட்ட முடியாது, நீலம் என்றால் நிபந்தனைகளோடு, மஞ்சள் என்றால் ஆபத்து குறைவு. பார்த்ததோடு நிற்காமல் கெமைண்டேயிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

காப்புறுதியும் வாலிஸில் வேறு கதை. 19 மாநிலங்களில் கட்டடக் காப்புறுதி மாநில நிறுவனத்திடம், கட்டாயம். வாலிஸில் தனியார் நிறுவனங்களிடம், அதுவும் கட்டாயமில்லை. விற்பவர் எடுக்காமலே இருந்திருக்கலாம். இருக்கிற பத்திரத்தின் பிரதியைக் கேட்டு, பாறைவீழ்ச்சியும் வெள்ளமும் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினாலும் அது கட்டடத்துக்குத்தான், காணிக்கு அல்ல. நிலநடுக்கம் பொதுவாக அதில் வராது. தனியாக எடுக்க வேண்டும். 1946 ஜனவரியில் அதிர்ந்த சியர் நகரம், அல்பினனிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கின் அடியில்தான் இருக்கிறது.